ஆட்டிசத்துக்கு அக்குபங்சர்: ஊசியைத் தொடும் முன்

"சின்சேகிட்ட காட்டிப் பாருங்க, தலையில ஊசி குத்துவாங்க, பேச்சு வந்துடும்." சின்சே என்றால் சீன மருத்துவர். மலேசியாவில் மூன்று வயதாகியும் பேசாத பிள்ளை இருக்கும் வீட்டுக்கு, அது செந்தூலோ பட்டர்வொர்த்தோ, இந்த யோசனை எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். கோயிலில் பார்த்தவர் சொல்வார், பாலர் பள்ளி வாசலில் நிற்பவர் சொல்வார். பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே மாதங்கள் ஓடிவிடும். சீன மருத்துவக் கிளினிக்கோ வாரம் மூன்று நாள் பிள்ளையைப் பார்க்கத் தயாராக இருக்கும். அந்தக் காத்திருப்புதான் பல குடும்பங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிறரோடு ஒட்டிப் பழகுவதில் உள்ள சிரமம், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது போன்ற ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளை அக்குபங்சர் மாற்றுகிறது என்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை. தூக்கம், பதற்றம் போன்ற பக்கத் தொந்தரவுகளுக்காக முயன்று பார்க்க நினைக்கும் குடும்பம், கண்ணைத் திறந்துகொண்டு முயலலாம். எதைப் பார்ப்பது, எதை அளப்பது, எப்போது நிறுத்துவது என்பதைத்தான் இங்கே விளக்குகிறோம்.

ஊசியும் அதன் கணக்கும்

அக்குபங்சர் ஊசியில் மருந்து ஏதும் ஏற்றுவதில்லை. உள்ளே துளை இல்லாத, மெல்லிய எஃகுக் கம்பி அது. குழந்தைகளுக்கு 0.16 முதல் 0.20 மில்லிமீட்டர் தடிப்புள்ளதைப் பயன்படுத்துவார்கள். தடுப்பூசி போடும் ஊசி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இருக்கும். அதோடு ஒப்பிட்டால் இது பாதிகூட இல்லை. அதனால் வலி குறைவுதான். ஆனால் தலையைத் தொட்டாலே சிலிர்த்துக்கொள்ளும் பிள்ளைக்கும், முடி வெட்ட உட்காராத பிள்ளைக்கும் "வலி குறைவு" என்ற ஆறுதல் அவ்வளவாக உதவாது.

சீன மருத்துவத்தின் பார்வையில், உடலில் 'சீ' என்னும் உயிராற்றல் தடங்களில் ஓடுகிறது. தடங்களின் மீதுள்ள புள்ளிகளைத் தூண்டினால் ஓட்டம் சீராகிறது. இந்தத் தடங்களை உடற்கூற்றியல் எங்கும் காட்டியதில்லை. ஆட்டிசம் என்ற பெயரும் பழைய சீன நூல்களில் கிடையாது. மனநல மருத்துவர் லியோ கன்னர் அதைத் தனி நிலையாக விவரித்தது 1943இல்தான். ஆகவே இன்றைய சீன மருத்துவர்கள் அதைப் பழைய வகை ஒன்றுக்குள் பொருத்துகிறார்கள். நிற்பது, நடப்பது, முடி முளைப்பது, பல் முளைப்பது, பேசுவது ஆகிய ஐந்தும் தாமதமாவதை 'ஐந்து தாமதங்கள்' என்பார்கள். பேசாத பிள்ளை பேச்சுத் தாமதத்துக்குள் வந்துவிடும். 'ஷென்' என்னும் மனத்தெளிவு இதயத்தில் குடியிருக்கிறது, நாக்கு இதயத்தின் முளை என்பதும் அவர்கள் கோட்பாடு. ஆட்டிசப் பிள்ளைகளுக்குச் சிலர் நாக்கிலேயே ஊசி குத்துவதன் காரணம் இதுதான். இது தெரிந்திருந்தால், நாக்கை நீட்டச் சொல்லும்போது நீங்கள் திகைத்து நிற்க வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்லவும் தெம்பு வரும்.

வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் புள்ளிகள் சிலவற்றை அறிந்து வைத்துக்கொள்ளலாம். பாய்ஹுய் உச்சந்தலையில் உள்ளது. இரு காதுகளின் நுனிகளையும் இணைத்துத் தலைமேல் கோடு போட்டால் அது நடுக்கோட்டைச் சந்திக்கும் இடம். அதைச் சுற்றி முன், பின், இடம், வலம் என ஒரு 'சுன்' தள்ளி நான்கு புள்ளிகள். இவற்றுக்கு ஸி ஷென் சோங் என்று பெயர். மணிக்கட்டு மடிப்பில் சுண்டுவிரல் பக்கம் ஷென் மென். மடிப்பிலிருந்து முழங்கையை நோக்கி இரண்டு சுன் மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவே நெய் குவான். சுன் என்பது நோயாளியின் சொந்தக் கட்டைவிரல் மூட்டின் அகலம். மருத்துவர் தம் விரலை வைத்துப் பிள்ளையின் உடம்பை அளந்தால் புள்ளி தவறிவிடும். ஒருவரின் கைத்திறனைப் பார்க்க நல்ல சின்ன அடையாளம் அது.

தலையில் குத்தும் ஊசி நேராக இறங்காது. தோலோடு 15 முதல் 30 பாகை சாய்வில், மண்டையோட்டுக்கு மேலேயே படுத்தபடி போகும். உச்சிக்குழி மூடாத கைக்குழந்தைக்கு அந்த இடத்தில் ஊசிக்கே இடமில்லை.

ஊசியைத் திருகி, கனமாக, மரத்ததுபோல, இழுப்பதுபோல ஓர் உணர்வு வரவழைப்பது பெரியவர்களுக்கான வழக்கம். அதை 'தெ சீ' என்பார்கள். "வருதா?" என்று மருத்துவர் கேட்பார், நோயாளி பதில் சொல்வார், அதைக் கேட்டுத் திருகுவதை நிறுத்துவார். பேசாத பிள்ளையிடம் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. குழந்தைகளிடம் பழக்கமுள்ளவர் ஊசியைத் திருகாமல் மேலோட்டமாகக் குத்தி, சீக்கிரமே எடுத்துவிடுவார். பெரியவருக்குச் செய்வதை அப்படியே பிள்ளைக்கும் செய்பவரிடம் போக வேண்டாம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, ஆட்டிசத்துக்கான அக்குபங்சரைப் பற்றி 2011இல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. ஹாங்காங், சீனா, எகிப்து ஆகிய இடங்களில் நடந்த 10 ஆய்வுகள், மொத்தம் 390 குழந்தைகள். சிகிச்சைக் காலம் 4 வாரத்திலிருந்து 9 மாதம் வரை. உண்மை ஊசியைப் போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளில் வேறுபாடு தெரியவில்லை. மொழி, அறிவாற்றல் ஆகியவற்றின் சில அளவீடுகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தென்பட்டது. ஆனால் எல்லா அளவீடுகளிலும் அது ஒரே மாதிரி வரவில்லை. அக்குபங்சரைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்றுதான் முடித்தார்கள்.

அதற்குப் பிறகு சீனாவிலிருந்து ஆய்வுகள் நிறைய வந்துள்ளன. பல, நல்ல பலன் கண்டதாகவும் சொல்கின்றன. சிக்கல் அவை நடத்தப்பட்ட விதத்தில் இருக்கிறது. ஒரு குழுவுக்குப் பயிற்சி மட்டும், இன்னொரு குழுவுக்குப் பயிற்சியோடு ஊசியும் என்று வைத்தால், எந்தப் பிள்ளைக்கு ஊசி என்பது பெற்றோருக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். பிறகு "பிள்ளை எப்படி இருக்கிறான்?" என்று அதே பெற்றோரிடம் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். எதிர்பார்ப்பும் அந்த மதிப்பெண்ணுக்குள் சேர்ந்தே வரும். சுவரில் ஒட்டிய விளம்பரத்தில் "90 விழுக்காடு பலன்" என்றிருந்தால், 'முழுக் குணம்', 'நல்ல முன்னேற்றம்', 'ஓரளவு முன்னேற்றம்' மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். சீன ஆய்வு அறிக்கைகளில் இப்படிக் கூட்டிச் சொல்வது பழைய வழக்கம்.

பெற்றோரின் கண் ஏன் ஏமாறுகிறது என்பதற்கு ஊசியோடு தொடர்பில்லாத ஓர் உதாரணம் உண்டு. 1990களின் இறுதியில் செக்ரெட்டின் என்னும் குடல் இயக்குநீரைச் செலுத்தினால் ஆட்டிசம் குறைகிறது என்ற செய்தி அமெரிக்காவில் காட்டுத்தீயாகப் பரவியது. 1999இல் வெளியான ஆய்வொன்றில் சில பிள்ளைகளுக்குச் செக்ரெட்டினும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் செலுத்தினார்கள். 56 பிள்ளைகளை அளந்து பார்த்தபோது இரு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறியிருந்தன. உப்புநீர் பெற்ற பிள்ளைகளும்தான். அதைவிட யோசிக்க வைப்பது, இந்த முடிவைத் தெரிவித்த பிறகும் பெற்றோரில் 69 விழுக்காட்டினர் செக்ரெட்டினில் ஆர்வத்தோடு இருந்தார்கள் என்பது. அவர்கள் முட்டாள்கள் அல்லர். பிள்ளை வளர்வதைக் கண்ணால் கண்டார்கள். எதனால் வளர்ந்தது என்பது மட்டும்தான் தவறிப்போனது.

இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையே, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிலும் பலர் தாமாகவே சொற்களைச் சேர்க்கிறார்கள். ஊசி தொடங்கும் அதே மாதம் பாலர் பள்ளியும் தொடங்கியிருக்கும், அப்பாவும் கைப்பேசியை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையோடு விளையாட ஆரம்பித்திருப்பார். மோசமான ஒரு வாரத்துக்குப் பிறகுதான் நாம் புதிய வைத்தியம் தேடி ஓடுகிறோம். மோசமான வாரத்துக்கு அடுத்தது பெரும்பாலும் கொஞ்சம் நல்ல வாரமாகத்தான் இருக்கும். பேர் வாங்குவது ஊசி.

ஊசிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

பேச்சு வரவில்லை என்றால் முதலில் காது. முறையான செவித்திறன் பரிசோதனை செய்யாமல் எந்த வைத்தியத்துக்கும் காசு கட்ட வேண்டாம். கூப்பிட்டால் திரும்புகிறான் என்பது பரிசோதனை ஆகாது. நடுக்காதில் நீர் தேங்கினால் செவித்திறன் வந்து வந்து போகும். அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் 18 மாதத்திலும் மூன்று வயதிலும் எம்-சாட் என்னும் கேள்வித்தாளைக் கொடுத்து ஆட்டிச அறிகுறிகளைப் பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தை அவசரத்தில் நிரப்பிக் கொடுத்திருந்தால், பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்து நிதானமாக மறுபடி படித்துப் பாருங்கள்.

தூக்கம்தான் தொந்தரவு என்றால், வாயால் மூச்சுவிட்டுக் குறட்டை விடுகிறானா, டான்சில் பெருத்திருக்கிறதா, இரும்புச்சத்து குறைவா, மலச்சிக்கலா, பல் சொத்தையா என்று பாருங்கள். வெள்ளைச் சோறும் பிஸ்கட்டும் மட்டுமே தின்னும் பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைவும் மலச்சிக்கலும் வருவது சாதாரணம். தலையைச் சுவரில் மோதும் பிள்ளைக்குச் சில நேரம் காதுவலியோ பல்வலியோதான் காரணம். இவை எல்லாவற்றுக்கும் நேரான சிகிச்சை உண்டு. ஊசி இவற்றைக் கண்டுபிடிக்காது. கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடத்தான் செய்யும்.

யாரிடம் போவது, உள்ளே என்ன நடக்க வேண்டும்

மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம், அதாவது சட்டம் 775, இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்துகிறது. அக்குபங்சர் அதில் சீனப் பாரம்பரிய மருத்துவத்தின் கீழ் வருகிறது. சித்தம், ஆயுர்வேதம் எல்லாம் இந்தியப் பாரம்பரிய மருத்துவம் என்ற தனிப்பிரிவு. எனவே "நான் சித்த வைத்தியர், ஊசியும் குத்துவேன்" என்று ஒருவர் சொன்னால், அவருடைய பதிவு எந்தப் பிரிவில் என்று கேட்பது உங்கள் உரிமை. பதிவுச் சான்றிதழும் காலாவதியாகாத தொழில் சான்றிதழும் சுவரில் இருக்க வேண்டும்.

பினாங்கு மாநிலத்தின் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் 2007இல் தொடங்கிய பாரம்பரிய, துணை மருத்துவப் பிரிவுதான் அரசு மருத்துவமனைகளில் முதலாவது. அப்படிப்பட்ட பிரிவுகளில் அக்குபங்சர் முக்கியமாக நாள்பட்ட வலிக்கும், பக்கவாதத்துக்குப் பிந்தைய மீட்சிக்கும்தான் தரப்படுகிறது. "கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலேயே ஊசி குத்துறாங்களே" என்பது உண்மை. அதை ஆட்டிசத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

முதல் நாள் ஊசியே வேண்டாம். பிள்ளை அறையைப் பார்க்கட்டும், படுக்கையில் ஏறி இறங்கட்டும், மருத்துவர் வெறும் விரலால் தலையைத் தொடட்டும். இரண்டாம் முறை ஒரே ஓர் ஊசி. இதற்கு நேரமில்லை என்று சொல்லும் கிளினிக், இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்ற கிளினிக் இல்லை. வெறும் வயிற்றோடு கூட்டிப்போகாதீர்கள். பசியில் ஊசி குத்தினால் தலைசுற்றி மயக்கம் வரலாம். ஒரு மணி நேரத்துக்கு முன் லேசாக ஏதாவது சாப்பிட்டிருந்தால் போதும்.

உறையைக் கண்முன்னே கிழிக்கச் சொல்லுங்கள். ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் ஊசி, உறையில் காலாவதித் தேதி, குத்திய பிறகு போட மஞ்சள் நிறக் கூர்பொருள் பெட்டி. பிறகு எண்ணுங்கள், சத்தமாக: ஏழு குத்தினால் ஏழு வெளியே வர வேண்டும். தலைமுடிக்குள் ஒன்று தங்கிவிடுவது நடக்கக்கூடிய தவறு. ராத்திரி தலையணையில் பிள்ளை புரளும்போதுதான் தெரியவரும். ஊசி தலையில் இருக்கும்போது பிள்ளை எழுந்து ஓடுவது இன்னொரு ஆபத்து. 20 நிமிடம் அசையாமல் இருக்காத பிள்ளைக்கு ஊசியைக் குத்தி உடனே எடுக்கும் முறையே பொருத்தம்.

கை காலைப் பிடித்துக்கொண்டு குத்துவது கூடாது. நான்கு பேர் அமுக்கிப் பிடித்தால் ஊசி உள்ளே போய்விடும். ஆனால் வெள்ளை அங்கி போட்டவர் யாரைப் பார்த்தாலும் அலறும் பழக்கமும் கூடவே போகும், அடுத்து பல் மருத்துவரிடமோ தடுப்பூசிக்கோ போகும்போது அதன் விலை தெரியும். காக்ரேன் மதிப்பாய்வில் சேர்ந்த ஆய்வுகளிலும் பயத்தாலும் வலியாலும் அழுகை, இரத்தக் கசிவு, தூக்கக் கேடு, துறுதுறுப்பு கூடியது ஆகியவை பதிவாகியிருக்கின்றன. தூக்கத்துக்காகப் போய்த் தூக்கம் கெட்டால் தொடர்வதில் அர்த்தமில்லை.

ஊசிகளில் மின்கம்பி மாட்டி மெல்லிய மின்சாரம் செலுத்தும் முறையும் உண்டு. ஹாங்காங்கில் 55 பிள்ளைகளுக்கு 4 வாரத்தில் 12 முறை இதைச் செய்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. ஒரு முறையாவது வலிப்பு வந்த பிள்ளைக்கும், காதில் செவிக்கருவி பொருத்திய பிள்ளைக்கும் இந்த மின்முறை வேண்டாம். இரத்தம் உறைவதில் கோளாறு இருந்தால் எந்த ஊசியும் வேண்டாம். தோள்மேட்டிலும் மேல்முதுகிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் உறை துளைபடும் அபாயம் உண்டு. ஒல்லியான பிள்ளைக்கு அந்த ஆழம் மிகக் குறைவு. ஊசி குத்திய அன்று மூச்சுத் திணறினாலோ மார்பைப் பிடித்துக்கொண்டு அழுதாலோ, கிளினிக்குக்குப் போன் போட்டுக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய், எங்கே ஊசி குத்தினார்கள் என்று காட்டுங்கள்.

ஊசியில்லாமல் காதில் சின்ன விதையை பிளாஸ்டரால் ஒட்டி அனுப்புவதும் உண்டு. வலியில்லாததுதான், ஆனால் கண்டதையெல்லாம் வாயில் போடும் பிள்ளை அதையும் பிய்த்துப் போட்டுக்கொள்ளும். ஊசிக்குப் பதில் லேசர் ஒளியைப் பாய்ச்சும் முறை என்றால் பிள்ளைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி அணியாத பிள்ளைக்கு லேசர் கிடையாது.

கிளினிக்கிலிருந்து திரும்பும்போது கையில் ஒரு பொடிப் பொட்டலமும் வந்துவிடுவதுதான் கவலைக்குரியது. மனத்தைச் சாந்தப்படுத்தச் சீன மருத்துவத்தில் காலங்காலமாகப் பயன்பட்ட சிவப்புக் கனிமம் ஒன்று உண்டு. 'ஜு ஷா' என்பார்கள், நம் சித்த வைத்தியத்தில் இலிங்கம். அது பாதரசச் சேர்மம், நரம்புக்கு நஞ்சு. பெயர் ஒட்டாத பொடி எதையும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். முறையாகப் பதிவான பாரம்பரிய மருந்துப் பெட்டியில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கி, எட்டு இலக்கங்களுக்குப் பின் 'டி' (T) என்ற எழுத்து வரும் எண் இருக்கும். ரிஸ்பெரிடோன் என்னும் மனநல மருந்தோ வலிப்பு மருந்தோ சாப்பிடும் பிள்ளை என்றால், எண் இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

நம்மவர்களிடையே தமிழ்நாட்டிலிருந்து வந்த தொடு அக்குபங்சரும் பரவியிருக்கிறது. நாடி பார்த்து ஒரே புள்ளியை விரலால் தொட்டுவிடுவார்கள். தொடுவதால் காயம் வராது. "மருந்தை நிறுத்துங்க, தடுப்பூசி போடாதீங்க, காய்ச்சல் உடம்பைச் சுத்தம் செய்யுது, விட்டுடுங்க" என்று அதோடு வரும் அறிவுரைதான் ஆபத்து. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே கேடு வரலாம். அந்த அறிவுரை வந்த அன்றே எழுந்து வந்துவிடுங்கள்.

காசும் குறிப்பேடும்

ஒரு முறைக்கு 80 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், வாரம் மூன்று முறை, எட்டு வாரத்தில் 1,920 ரிங்கிட். பெட்ரோலும் அம்மா எடுக்கும் அரைநாள் விடுப்பும் தனி. அதே பணத்தில் தனியார் பேச்சுப் பயிற்சி எத்தனை முறை கிடைக்கும் என்று பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள். கற்றல் குறைபாடுள்ள பிள்ளையின் ஆரம்பகாலப் பயிற்சிச் செலவுக்கு 2023 வரி ஆண்டு முதல் 4,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு வந்தது; 2025 வரி ஆண்டு முதல் அது 6,000 ஆகவும், 2026 முதல் 10,000 ஆகவும் உயர்ந்தது. பயிற்சியை நடத்துபவர் சட்டம் 774இன் கீழ் பதிவான துணைச் சுகாதாரத் தொழிலராக இருக்க வேண்டும். பேச்சுப் பயிற்சியாளரின் ரசீது இதற்குள் வரும், சின்சேயின் ரசீது வராது. 30 முறைக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், கட்டாதீர்கள். கட்டிய பணம்தான் பிறகு நிறுத்தவிடாமல் செய்யும்.

முயல்வதென்று முடிவானால், ஒரே ஒரு குறியைத் தேர்ந்தெடுங்கள். "நல்லா ஆகணும்" என்பது குறி ஆகாது. "விளக்கணைத்ததிலிருந்து தூங்கும் வரை எத்தனை நிமிடம், இரவில் எத்தனை முறை விழிக்கிறான்" என்பது குறி. ஊசி தொடங்கும் முன் 14 இரவுகள் எழுதுங்கள். பிறகு ஊசியோடு எட்டு வாரம், ஒவ்வோர் இரவும். அந்தக் காலத்தில் புதிய பள்ளி, புதிய மருந்து, உணவுக் கட்டுப்பாடு எதையும் சேர்க்காதீர்கள். தீபாவளி வாரமும் பள்ளி விடுமுறையும் தூக்கத்தைக் குலைத்துவிடும். அவற்றைத் தவிர்த்துத் தேதி வையுங்கள். நடக்கிற பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் ஒரு வகுப்புகூடத் தவறக் கூடாது. பகல் நேர நடத்தையை அளப்பதென்றால், ஊசி பற்றி ஏதும் தெரியாத பாலர் பள்ளி ஆசிரியரிடம் வாரம் ஒரு முறை ஒரே கேள்வியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் எண் வீட்டில் போடும் எண்ணைவிட நம்பகமானது.

நிறுத்தும் கணக்கையும் முன்கூட்டியே, கிளினிக் வாசலை மிதிக்கும் முன், கணவனும் மனைவியும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: எட்டாம் வாரத்தின் சராசரி, முதல் 14 இரவுகளின் சராசரியைவிடக் குறைந்தது 20 நிமிடம் குறையாவிட்டால் நிறுத்துகிறோம் என்பதுபோல. எட்டாம் வாரம் கடைசியில் "இப்பத்தான் சீ அசைய ஆரம்பிக்குது, இன்னும் ஒரு கோர்ஸ் பாருங்க" என்பார்கள். அப்போது பதில் சொல்ல வேண்டியது அந்தத் தாள்தான். எண் குறைந்திருந்தால், இரண்டு வாரம் ஊசியை நிறுத்திவிட்டு அதே குறிப்பேட்டில் தொடர்ந்து எழுதுங்கள். நிறுத்திய பிறகும் பிள்ளை அதே நேரத்தில் தூங்கினால், மீதி ஊசிகளுக்கான காசைப் பேச்சுப் பயிற்சிக்குக் கட்டிவிடலாம்.